சிறைக்குப் பதில் தண்டத்தொகை: யாருக்கு நிம்மதி, யாருக்கு வசதி?

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் காலை பதினொரு மணி. சின்னச் சின்ன வழக்குகளை வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் கையில் மஞ்சள் பையோடு சுவர் ஓரமாக நின்றிருந்தார். வீட்டிலேயே இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் அரைத்து, பாக்கெட் போட்டு, ஏழெட்டு மளிகைக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். பாக்கெட்டில் தயாரித்த மாதமும் வருடமும் இல்லை, புகார் சொல்ல தொலைபேசி எண் இல்லை என்று அவர் மீது வழக்கு. இரண்டும் உண்மைதான். அச்சடித்த கவர் தீர்ந்துபோன ஒரு வாரம், வெற்றுக் கவரில் பேர் மட்டும் ஒட்டிக் கொடுத்திருக்கிறார். அந்த வாரம் பார்த்து ஆய்வாளர் கடைக்கு வந்திருக்கிறார்.

அவருக்கு முன்னால் நின்றவருக்கு 'கோர்ட் கலையும் வரை' தண்டனை. அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். அடுத்து அக்காவின் பெயர். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" "ஆமாங்கய்யா." அபராதம் எவ்வளவு என்று சொன்னார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்காக அவர் எட்டு வாய்தாவுக்கு வந்திருந்தார். வெளியே வந்ததும் ஏன் வாதாடவில்லை என்று கேட்டேன். "பொண்ணு சிங்கப்பூர்ல மாசமா இருக்கா தம்பி. பிரசவத்துக்குப் போகணும். கேஸு நிலுவையில இருக்குன்னு பாஸ்போர்ட் நிக்குது. ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடியும்னு வக்கீல் சொன்னாரு."

அவர் மீது சுமத்திய பிரிவில் முதல் தவறுக்குச் சிறையே கிடையாது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம், 36-ஆவது பிரிவு: முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், இரண்டாவது முறை 50,000 வரை, அதற்கும் மேல் போனால்தான் ஓராண்டு வரை சிறை. ஆரம்பத்திலேயே துறையிடம் பணம் கட்டி முடித்துக்கொள்ளவும் சட்டத்தில் வழி உண்டு. ஆங்கிலத்தில் வந்த நோட்டீஸ் புரியாமல் அவர் அதை சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார். ஆக, அக்காவை அலைக்கழித்தது சிறை இல்லை. அது 'கிரிமினல் கேஸ்' என்பதுதான். குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம் என்கிறது பாஸ்போர்ட் சட்டம். நீதிமன்ற அனுமதி வாங்கி வந்தால் கிடைக்கும். அந்த அனுமதிக்கும் ஒரு மனு, ஒரு வாய்தா, ஒரு வக்கீல் ஃபீஸ்.

சிறு விதிமீறல்களைக் குற்றவியல் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, பணத்தால் தீர்க்கும் சிவில் முறைக்கு மாற்றுவது பற்றி இன்று நிறையப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சை எண்ணிக்கைகளிலிருந்து தொடங்குவதைவிட இந்த அக்காவிடமிருந்து தொடங்குவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. மாற்றம் நல்லதா என்பதை அவர் இடத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஹெல்மெட் போடாததற்குக் கட்டுவதும் அபராதம், கோர்ட்டில் கட்டுவதும் அபராதம், நூலகப் புத்தகத்தைத் தாமதமாகக் கொடுத்தால் கட்டுவதும் அபராதம் என்றுதான் நாம் பேசுகிறோம், பத்திரிகைகளும் அப்படியே எழுதுகின்றன. சட்டத்தில் இவை ஒன்றல்ல. குற்றம் நிரூபணமாகி நீதிபதி விதிப்பது ஒரு வகை. அதைக் கட்டியவர் சட்டத்தின் கண்ணில் தண்டனை பெற்றவர். நீதிமன்றத்துக்கே போகாமல், ஒரு அதிகாரி விசாரித்து விதிப்பது இன்னொரு வகை. அதைக் கட்டியவர் பணம் கட்டியவர், அவ்வளவுதான், குற்றவாளி இல்லை. இந்தக் கட்டுரையில் முதலாவதை அபராதம் என்றும் இரண்டாவதைத் தண்டத்தொகை என்றும் சொல்கிறேன். கையை விட்டுப் போகும் பணத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வாழ்க்கையில் அவை விட்டுச் செல்லும் தடம் வேறு.

கொலை, திருட்டு, மோசடி போன்றவை சட்டம் இல்லாவிட்டாலும் தவறு. பதிவேட்டில் தேதி எழுதாதது, படிவத்தைத் தாமதமாக அனுப்பியது, உரிமத்தைப் புதுப்பிக்க மறந்தது ஆகியவை சட்டம் அப்படிச் சொல்வதால் மட்டுமே தவறு. இந்த இரண்டாம் வகைக்குள் சிறை எப்படி நுழைந்தது? ஒவ்வொரு ஒழுங்குமுறைச் சட்டத்தையும் எழுதி முடிக்கும்போது, கடைசியில் 'இதில் எதை மீறினாலும்' என்று ஒரு பொதுத் தண்டனைப் பிரிவைச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. சட்டம் வலுவாக இருப்பதற்கு அதுதான் அடையாளம் என்று நினைத்தார்கள்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதற்கு நல்ல உதாரணம். அதன் 11-ஆவது பிரிவு, வண்ணப்பூச்சோ வார்னிஷோ அடிக்காத உட்சுவர்களுக்குப் பதினான்கு மாதத்துக்கு ஒருமுறையாவது வெள்ளையடிக்க வேண்டும், அடித்த தேதியைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. அதே சட்டத்தின் 21-ஆவது பிரிவு, ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குத் தடுப்பு போட வேண்டும் என்றது. 92-ஆவது பிரிவு இரண்டுக்கும் சேர்த்து ஒரே தண்டனையை வைத்தது: இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆள் செத்தாலோ படுகாயமடைந்தாலோ அபராதத்துக்கு ஒரு குறைந்தபட்ச வரம்பு உண்டு. விபத்து நடக்காதவரை, சுண்ணாம்பு அடித்த தேதியை எழுத மறந்தவரும் சுழலும் சக்கரத்தைத் திறந்து வைத்தவரும் ஒரே பிரிவில்தான் நின்றார்கள். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் நடைமுறைக்கு வந்தபோதுதான் இந்தப் பழைய சட்டம் விலகியது.

இப்படிச் சுண்ணாம்புக்கும் சக்கரத்துக்கும் ஒரே தண்டனை என்றால், யாருக்கு எதை நீட்டுவது என்பது ஆய்வுக்கு வருகிறவர் கைக்குப் போய்விடுகிறது. சின்னத் தவறுக்குச் சிறைக்கு யாரும் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'போகலாம்' என்று சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதே, அதற்கு ஒரு விலை உண்டு. 'இதைக் கோர்ட்டுக்கு அனுப்பட்டுமா, இங்கேயே முடிச்சுக்கலாமா' என்ற ஒரு கேள்வி போதும். தொழில் செய்கிற பலர் இதைக் கேட்டிருப்பார்கள். மாமூல் என்பது தனிமனிதரின் பேராசையில் மட்டும் விளைவதில்லை. அளவு தெரியாமல் எழுதிய தண்டனைப் பிரிவுகளும் அதற்கு உரம் போடுகின்றன.

குற்றவியல் சட்டத்துக்கென்று ஒரு அடிப்படை உண்டு: மனதில் கெட்ட எண்ணம் இருந்தால்தான் குற்றம். ஒழுங்குமுறைக் குற்றங்களில் அந்த அடிப்படை எவ்வளவு தூரம் கரைந்தது என்பதை ஒரு வழக்கு காட்டும். 1962 நவம்பர் இறுதியில், சூரிச்சிலிருந்து மணிலாவுக்குப் போகும் விமானம் வழியில் பம்பாய் சாந்தாகுரூஸில் இறங்கியது. அதிலிருந்த ஒரு வெளிநாட்டுப் பயணி கீழே இறங்கவே இல்லை, இருக்கையிலேயே இருந்தார். சுங்க அதிகாரிகள் உள்ளே ஏறிச் சோதித்தபோது, அவர் போட்டிருந்த மேல்சட்டையின் பைகளில் 34 கிலோ தங்கம். இந்தியா வழியாகப் போகும் தங்கத்தையும் விமானத்தின் சரக்குப் பட்டியலில் காட்ட வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் அறிவிப்பு அரசிதழில் வந்தது நவம்பர் 24. அவர் சூரிச்சில் விமானம் ஏறியது 27. அவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மும்பை உயர் நீதிமன்றம் விடுவித்தது. 1964-இல் உச்ச நீதிமன்றம், நீதிபதி சுப்பா ராவ் மாறுபட, பெரும்பான்மைத் தீர்ப்பில் அவரைக் குற்றவாளி என்றது. அந்நியச் செலாவணியைக் காப்பாற்றும் சட்டத்தில் 'தெரியாது' என்பது பதிலாகாது என்பதுதான் அதன் சாரம். அனுபவித்த சிறையே போதும் என்று தண்டனையைக் குறைத்தார்கள். மேயர் ஹான்ஸ் ஜார்ஜ் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

அந்த வழக்கு நடந்தது 1947-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ். 1973-இல் அதைவிடக் கடுமையான சட்டம் வந்தது. அதன் ஆங்கிலச் சுருக்கமான ஃபெரா என்றால் வியாபாரிகள் நடுங்கிய காலம் அது. பிறகு 1999-இல் ஃபெமா, அதாவது அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம். 2000 ஜூன் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தபோது, இந்தத் துறையே ஏறக்குறைய முழுவதுமாகக் குற்றவியலிலிருந்து சிவிலுக்கு மாறியது. மீறிய தொகையைக் கணக்கிட முடிந்தால் அதைப் போல் மூன்று மடங்கு வரை தண்டத்தொகை, முடியாவிட்டால் இரண்டு லட்சம் வரை, தொடர்ந்து மீறினால் நாளொன்றுக்கு 5,000 வரை. அளவு தெரியும், கணக்கு தெரியும். இப்போது பேசப்படும் மாற்றம் புதிதாக வானத்திலிருந்து குதித்ததல்ல. கால் நூற்றாண்டுக்கு முன்பே நாம் அதைப் பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டோம்.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபிக்கு 1995-லேயே இந்த அதிகாரம் வந்துவிட்டது. கம்பெனிச் சட்டத்தில் 2018-இல் அவசரச் சட்டமாகத் தொடங்கி 2019, 2020 திருத்தங்களில் பல தவறுகள் நீதிமன்றத்திலிருந்து பதிவாளர் அலுவலகத்துக்கு மாறின. பெரிய வீச்சில் நடந்தது 2023-இல். ஜன் விஸ்வாஸ் சட்டம் என்று அதற்குப் பெயர். மக்கள் மீதான நம்பிக்கை என்று பொருள். 2022 டிசம்பரில் மக்களவையில் வந்து, கூட்டுக் குழுவுக்குப் போய், 2023 ஜூலை, ஆகஸ்டில் இரு அவைகளிலும் நிறைவேறியது. 19 அமைச்சகங்களின் கீழுள்ள 42 மத்தியச் சட்டங்களில் 183 பிரிவுகளை அது ஒரே வீச்சில் தொட்டது.

மாற்றத்தின் தன்மை தெரிய ஒன்றைப் பார்ப்போம். அக்மார்க் முத்திரையை எல்லோருக்கும் தெரியும். அது 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது. போலி முத்திரை குத்தினால் முன்பு மூன்றாண்டு வரை சிறையும் 5,000 ரூபாய் வரை அபராதமும். சிறை யாரும் போகமாட்டார்கள், 5,000 யாருக்கும் உறைக்காது. புதிய சட்டத்தில் சிறை இல்லை. தண்டத்தொகை எட்டு லட்சம். நெய்யிலும் தேனிலும் போலி முத்திரை குத்துகிறவருக்கு எது வலிக்கும் என்று யோசித்தால், மாற்றம் மென்மையானது என்று சொல்ல முடியாது. இதோடு, பல தொகைகளின் குறைந்தபட்ச அளவு மூன்றாண்டுக்கு ஒருமுறை பத்து சதவீதம் தானாகவே உயரும் என்றும் எழுதியிருக்கிறார்கள். 1898-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டம் ஐம்பது ரூபாய் அபராதத்தை நூற்றாண்டுக்கு மேல் சுமந்து திரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அடுத்த கட்டமாக 2025 ஆகஸ்ட் 18 அன்று இரண்டாவது மசோதா மக்களவையில் வைக்கப்பட்டுத் தேர்வுக் குழுவுக்குப் போனது. 16 சட்டங்கள், 355 திருத்தங்கள். அவற்றில் 288 தவறுகளைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுப்பது தொடர்பானவை. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று: 10 சட்டங்களின் கீழ் 76 தவறுகளுக்கு முதல் முறை என்றால் எச்சரிக்கையோ அறிவுரையோ மட்டும். எடையளவுச் சட்டத்தில், திருத்திக்கொள்ளச் சொல்லிக் கால அவகாசம் தரும் அறிவிப்பு. அந்த அக்காவுக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான். 'பதினைந்து நாளில் கவரைச் சரி செய்யுங்கள்' என்று தமிழில் ஒரு தாள்.

சரி, அப்படியானால் எல்லாமே நல்லதுதானா என்றால், இங்கேதான் எனக்குக் கவலை தொடங்குகிறது.

சிறையை எடுத்ததும் மாஜிஸ்திரேட்டும் போய்விடுகிறார். அவர் இடத்தில் தீர்ப்பளிக்கும் அதிகாரி ஒருவர் வருகிறார். யார் அவர்? பெரும்பாலும் அதே துறையின், அதே அரசின் அலுவலர். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் மத்திய அரசின் இணைச் செயலர் அல்லது மாநில அரசின் செயலர் தகுதிக்குக் குறையாதவர் என்று வைத்திருக்கிறார்கள். அவர் ஏற்கெனவே பத்து வேலை பார்க்கிறவர். ஒரு ஆலையின் கழிவில் என்ன கலந்திருக்கிறது, அது எவ்வளவு கேடு செய்தது, சாட்சி நம்பத்தக்கதா என்பதையெல்லாம் எடைபோடும் பயிற்சியை யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. மாற்றலாகிப் போனால் கோப்பு அடுத்தவருக்கு. அவர் சுதந்திரமாகத் தீர்ப்புச் சொன்னதால் அவருடைய பதவிக்கு எதுவும் ஆகாது என்ற உறுதியும் இல்லை. நிர்வாகமும் நீதியும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 50-ஆவது கூறு சொல்கிறது. 1973-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதற்காகவே மாஜிஸ்திரேட்டுகளை உயர் நீதிமன்றத்தின் கீழ் கொண்டுவந்தது. அப்போது பிரித்ததை இப்போது சத்தமில்லாமல் மறுபடி சேர்க்கிறோமா என்ற கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றும் கூடவே போகிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அரசியலமைப்பின் 20-ஆவது கூறு சில காப்புகளைத் தருகிறது: தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது, ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிக்க முடியாது, நேற்று செய்ததற்கு இன்று சட்டம் போட முடியாது. இவையெல்லாம் 'குற்றம்' என்ற சொல்லைச் சுற்றி எழுதப்பட்டவை. அந்தச் சொல்லை எடுத்தால் காப்பும் ஆட்டம் காணும். இதற்கும் ஒரு தங்க வழக்குதான், அதே சாந்தாகுரூஸ்தான். 1949-இல் ஜெத்தாவிலிருந்து வந்த ஒருவரிடம் 107 தோலா தங்கம் பிடிபட்டது. சுங்கத் துறை அதைப் பறிமுதல் செய்தது. பிறகு அதே செயலுக்காக நீதிமன்றத்தில் வழக்கும் போட்டார்கள். இருமுறை தண்டனை ஆயிற்றே என்று அவர் கேட்டார். சுங்க அதிகாரி நீதிமன்றம் அல்ல, அவர் செய்தது வழக்கு நடத்தியதாகாது என்று 1953-இல் உச்ச நீதிமன்றம் மக்பூல் உசேன் வழக்கில் சொன்னது. அது இன்றும் நிற்கிறது.

ஜெர்மனி இந்தப் பாதையில் நமக்கு முன்னால் போன நாடு. 1952-லும் 1968-லும் சட்டம் போட்டு, போக்குவரத்து விதிமீறல் உட்பட ஏராளமான சிறு தவறுகளைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்து நிர்வாகத்திடம் கொடுத்தது. அங்கே வாழ்ந்த ஒரு துருக்கிக்காரர் நிறுத்தி வைத்திருந்த ஒரு காரில் மோதினார். 60 மார்க் தண்டத்தொகை. அதை எதிர்த்து நீதிமன்றம் போனபோது மொழிபெயர்ப்பாளர் செலவு 63 மார்க் 90 காசு அவர் தலையில் விழுந்தது. குற்றவழக்கு என்றால் மொழிபெயர்ப்பாளர் இலவசம். இது குற்றவழக்கு இல்லையே என்றது ஜெர்மன் அரசு. 1984-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சிறு தவறுகளைக் குற்றம் அல்ல என்று ஒரு நாடு வகைப்படுத்திக்கொள்ளலாம், ஆனால் எல்லோருக்கும் பொதுவான விதியை மீறியதற்காகத் தண்டிக்கும், அச்சுறுத்தித் தடுக்கும் நோக்கம் இருக்கும்வரை அடிப்படைக் காப்புகளை எடுத்துவிட முடியாது என்றது. தண்டத்தொகையைவிட மொழிபெயர்ப்பாளர் செலவு அதிகம் என்பதை நினைத்துப் பாருங்கள். சாமி படத்துக்குப் பின்னால் செருகிய ஆங்கில நோட்டீஸ் எனக்கு உடனே நினைவுக்கு வருகிறது.

தவறு செய்தவரின் மனதைப் பார்க்க வேண்டுமா என்பதிலும் நமது தீர்ப்புகள் ஒரே பக்கம் நிற்கவில்லை. 1969-இல் ஹிந்துஸ்தான் ஸ்டீல் வழக்கில், வேண்டுமென்றே சட்டத்தை மீறியவருக்கோ நேர்மையற்று நடந்தவருக்கோதான் சாதாரணமாகத் தண்டத்தொகை விதிக்க வேண்டும், சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காகவே விதிக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 2006-இல் செபி தொடர்பான ஸ்ரீராம் மியூச்சுவல் ஃபண்ட் வழக்கில், சிவில் தண்டத்தொகைக்குக் கெட்ட எண்ணம் தேவையே இல்லை, மீறல் நடந்தால் போதும் என்றது. இரண்டாவது வழிதான் இன்று ஓங்கி நிற்கிறது. பெரிய நிறுவனத்துக்கு அது பொருந்தலாம். அச்சகத்தில் கவர் தாமதமான ஒரு வாரத்துக்கும் அதே அளவுகோல் என்றால், 'தெரியாமல் நடந்துவிட்டது' என்ற சொல்லுக்கு எங்கே இடம்? செபி சட்டத்தில் ஒரு நல்ல வழி காட்டியிருக்கிறார்கள்: அதிகாரி தொகையை முடிவு செய்யும்போது, தவறு செய்தவருக்கு எவ்வளவு லாபம், முதலீட்டாளருக்கு எவ்வளவு நஷ்டம், இது எத்தனையாவது முறை என்று பார்க்கச் சொல்கிறது 15-ஜே பிரிவு. ஒவ்வொரு சட்டத்திலும் இப்படி எழுதினால் பாதிச் சிக்கல் தீரும்.

கட்ட முடியாதவருக்கு என்ன ஆகும் என்பதையும் விட்டுவிடக் கூடாது. ஃபெமாவில் தொண்ணூறு நாளில் கட்டாவிட்டால் சிவில் சிறை உண்டு; பாக்கி ஒரு கோடிக்கு மேல் என்றால் மூன்றாண்டு வரை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் தண்டத்தொகையைக் கட்டாதவருக்குச் சிறை எழுதியிருக்கிறது. பெரிய தொகையைக் கட்டாமல் ஏய்ப்பவரைப் பிடிக்க அது வேண்டியதுதான். ஆனால் முன்வாசல் வழியாக வெளியே அனுப்பிய சிறை, பணம் இல்லாதவருக்கு மட்டும் பின்வாசல் வழியாக வந்து நிற்கக் கூடாது.

இதன் எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அதுவும் நமது மண்ணிலேயே. திருப்பூர் சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத்துக்குத் தேக்க வேண்டிய இடத்தில் சாயத் தண்ணீர் தேங்கிய கதை கொங்கு நாட்டு விவசாயிகளுக்கு மனப்பாடம். 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம், வெளியேற்றும் கழிவுக்கு லிட்டருக்கு இத்தனை பைசா என்று கட்டச் சொன்னது. கழிவு நிற்கவில்லை. பைசா கணக்கு ஒரு செலவினமாக மாறிவிட்டால், அதைத் துணியின் விலையில் ஏற்றிக்கொள்ளலாம். கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று, கழிவே வெளியே வராத நிலையை எட்டாத பட்டறைகளை மூடச் சொல்லி, மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகுதான் ஊரே அசைந்தது. அந்த உத்தரவால் வேலை இழந்த தொழிலாளர்களின் துயரமும் உண்மை, அதை நான் சிறிதாகச் சொல்லமாட்டேன். ஆனாலும் தண்டத்தொகை ஒரு கட்டணமாக மாறிவிடும் ஆபத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பின்னணியில் சுற்றுச்சூழல் சட்டத்தில் நடந்த மாற்றத்தைப் பாருங்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முன்பு ஐந்தாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்போது 10,000 முதல் 15 லட்சம் வரை தண்டத்தொகை. 2024-இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் இதே வழிக்கு வந்தது. முதலில் இமாச்சலம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்களில் மட்டும். ஒரு சிறு பட்டறைக்கு 15 லட்சம் என்பது மொத்த வாழ்க்கை. பல நூறு கோடி புரளும் ஆலைக்கு அது ஒரு சுத்திகரிப்பு நிலையத்தைச் சில நாள் ஓட்டாமல் மிச்சம் பிடிக்கும் தொகையாகக்கூட இருக்கலாம். ஃபெமாவில் மீறிய தொகையின் மடங்கு என்று வைத்தது போல, இங்கே சுத்திகரிக்காமல் மிச்சம் பிடித்ததன் மடங்கு என்று வைத்திருக்க வேண்டும். உச்சவரம்பு போட்ட இடத்தில்தான் தவறு நடந்திருக்கிறது என்பது என் கருத்து. மூடச் சொல்லும் அதிகாரமும் மின்சாரத்தை நிறுத்தும் அதிகாரமும் 5-ஆவது பிரிவில் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துவார்களா என்பதுதான் கேள்வி.

சில இடங்களில் குற்றவியல் பிரிவைத் தொடவே கூடாது. மருந்து அதில் ஒன்று. 2023 மாற்றத்தில் மருந்துகள், அழகுசாதனங்கள் சட்டத்தின் 27(டி) பிரிவை, பணம் கட்டிச் சமரசம் செய்துகொள்ளும் பட்டியலில் சேர்த்தார்கள். தரம் குறைந்த மருந்துகள் பெரும்பாலும் வருவது இந்தப் பிரிவின் கீழ்தான். உயிர் போனால், கலப்படம் என்றால், வேறு கடுமையான பிரிவுகள் இருக்கின்றன. 27(ஏ)-வில் பத்தாண்டுக்குக் குறையாத சிறை. அதனால் பயம் வேண்டாம் என்றது அரசு. ஆனால் தரம் குறைந்த மருந்து யாரையும் கொல்லவில்லை என்று எப்படித் தெரியும்? காய்ச்சல் மாத்திரையில் மருந்து பாதிதான் இருந்தது என்பது குழந்தையின் காய்ச்சல் இறங்காமல் போன பிறகு யாருக்கும் தெரியப்போவதில்லை. 2025 செப்டம்பர், அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள். அப்படி ஒரு நாளுக்கு முன்பு பல சின்னத் தவறுகள் கவனிக்காமல் போயிருக்கும். பதிவேட்டில் தேதி விட்டதையும் மருந்தின் தரம் விட்டதையும் ஒரே 'சிறு தவறு' கூடையில் போடுவதை நான் ஏற்க மாட்டேன்.

பணமில்லாமல் திரும்பும் செக்குக்கான பிரிவை நினைவிருக்கிறதா? 2020 ஜூனில், கொரோனா ஊரடங்குக் காலத்தில், மத்திய நிதியமைச்சகம் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் அந்த 138-ஆவது பிரிவையும் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கலாமா என்று கருத்துக் கேட்டது. 2019 இறுதியில் நாட்டில் நிலுவையிலிருந்த 2.31 கோடி குற்றவழக்குகளில் 35 லட்சத்துக்கு மேல் செக் வழக்குகள். எடுத்தால் நீதிமன்றங்களுக்குச் சுமை குறையும் என்பது உண்மை. எதிர்ப்பு வந்தது சிறு வியாபாரிகளிடமிருந்து. கடனுக்குச் சரக்குக் கொடுத்து பின்தேதியிட்ட செக்கை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தான். திட்டம் கைவிடப்பட்டது. இதிலிருந்து ஒன்று புரிகிறது: குற்றவியல் பிரிவு யாரை மிரட்டுகிறது என்று மட்டும் பார்த்தால் போதாது, அதை நம்பி யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். நொய்யல் விவசாயி, மருந்து வாங்கும் தாய், செக்கை வைத்திருக்கும் மளிகைக்காரர் ஆகியோருக்கும் இதில் பங்கு உண்டு.

இப்போது, உங்களுக்கே ஒரு விளக்கம் கேட்கும் நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது? அதில் எந்தப் பிரிவு, எத்தனை நாளில் பதில், யாரிடம் மேல்முறையீடு என்ற மூன்றையும் முதலில் தேடுங்கள். பதில் எழுதாமல் விடுவதுதான் மிகப் பெரிய நஷ்டம். உங்கள் தரப்பைக் கேட்காமலே உத்தரவு வந்துவிடும். நேரில் கேட்கப்பட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். தவறு நடந்தது என்றால் மறைக்காமல், எப்படி நடந்தது, என்று சரி செய்தீர்கள், யாருக்கும் நஷ்டம் உண்டா என்று எழுதுங்கள். தொகையைக் குறைக்க உதவுவது அதுதான். உத்தரவில் காரணம் சொல்லப்படவில்லை என்றால், மேல்முறையீட்டில் அதுவே வலுவான வாதம். சுற்றுச்சூழல் விஷயத்தில் மேல்முறையீடு பசுமைத் தீர்ப்பாயத்துக்கு. அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.

இவ்வளவும் மத்தியச் சட்டங்களின் கதை. அப்சர்வர் ரிசர்ச் ஃபவுண்டேஷன் என்ற டெல்லி ஆய்வு நிறுவனம் 2022-இல் வெளியிட்ட கணக்கின்படி, தொழில் செய்வது தொடர்பான சட்டங்களிலும் விதிகளிலும் சிறைத் தண்டனை சொல்லும் இடங்கள் 26,134. அவற்றில் மத்தியச் சட்டங்களில் இருப்பவை 5,239. மீதி 20,895 மாநிலங்களுடையவை. ஆயிரத்துக்கு மேல் வைத்திருக்கும் ஐந்து மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அந்த ஆயிரத்தில் சுண்ணாம்புத் தேதி எது, திறந்து கிடக்கும் சக்கரம் எது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும் வேலையைச் சென்னையில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். செய்யும்போது நோட்டீஸைத் தமிழில் அனுப்பும் விதியையும் அதில் சேர்த்து எழுத வேண்டும்.